வாங்குபவர்களின் பிள்ளைகள்

சென்ற வாரம் என் மகள் படிக்கும் பாலர் பள்ளியின் தாய்மார்கள் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: பள்ளி விடுமுறையில் சின்னப் பிள்ளைகளைச் செலவில்லாமல் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்? பதில்கள் வந்து குவிந்தன. கடலோரப் பூங்கா, நூலகம், மீனுக்குப் பொரி போடும் ஏரி. எல்லாம் நல்ல இடங்கள்தான். நடுவில் இன்னொருத்தி, புது வீடமைப்புத் திட்டங்களின் ஷோ ஹவுசுக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை பலூன், ஐஸ்கிரீம் எல்லாம் சும்மா தருவார்கள், நாங்கள் வீடு வாங்குகிறவர்கள்போல நடித்துவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டு வருவோம் என்று எழுதி, கண்ணில் நீர்வரச் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தாள். குழுவே சிரித்தது. நான் கைப்பேசியைச் சோபாவில் வீசினேன். என்ன ஆச்சு என்று கணவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எனக்கு ஒரு பழைய கோபம் இருக்கிறது. அது யார்மேல் என்பது மட்டும் வயதுக்கு வயது மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

எனக்கு அப்போது எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. மலேசியாவில், ஜொகூரின் மாசாயில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருந்தோம். அப்பா லாரி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் பாசிர் கூடாங் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றப் போய்விடுவார். அம்மா வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்தவர், ஞாயிறு அன்று துணி துவைத்துக்கொண்டே எங்களைத் திட்டுவார். வீட்டுக்குள் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பார். கீழே போய் விளையாடலாமென்றால் மோட்டார் சைக்கிள்கள் இடைவெளியே இல்லாமல் நிற்கும். இந்தச் சிறையிலிருந்து எங்களை மீட்டவர் மாமா, அம்மாவின் தம்பி.

மாமாவுக்குப் பாசிர் கூடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையில் வேலை. பழைய கார் ஒன்று வைத்திருந்தார். செலவு செய்யாமல் பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்துவதை அவர் ஒரு வித்தையாகவே பழகியிருந்தார். செனாய் விமான நிலைய வேலியோரம் எங்களை நிறுத்தி, விமானம் தலைக்குமேல் இறங்கும்போது முடிந்தவரை கத்தச் சொல்வார். பேரங்காடியில் நாய்க்குட்டியும் முயலும் விற்கிற கடைதான் எங்களுக்கு மிருகக்காட்சிசாலை. காசு போட்டால் ஆடும் குதிரையில் தம்பியை உட்கார வைத்து, காசு போடாமல் கையாலேயே ஆட்டுவார். அதற்கு வேண்டிய பாட்டையும் அவரே வாயால் போடுவார். ஸ்தூலாங் கடலோரத்தில் நின்று எதிர்க்கரையில் மின்னும் சிங்கப்பூரைக் காட்டி, "அவ்வளவு லைட்டும் நம்ம பாக்குறதுக்குத்தான் போட்டிருக்காங்க. கரண்டு பில்லு மட்டும் அவங்க கட்டிக்குவாங்க" என்பார். ஒரே ஒரு விதி: போன இடத்தில் எதையும் கேட்கக்கூடாது. கேட்டால் அடுத்த வாரம் கார் வராது.

அந்த வருடம் காரில் இன்னொருவரும் வரத் தொடங்கினார். மாமாவோடு ஆலையில் வேலை செய்தவர், பெக்கான் நானாஸ்காரர், மாசாயில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தார். மாமா அவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பரிசம் மட்டும் போடவில்லை. "அத்தைன்னு கூப்பிடுங்க" என்று மாமா எங்களிடம் சொன்னபோது, "பரிசம் போடாம என்னடா அத்தை?" என்று அம்மா முறைத்தார். கொஞ்ச நாளிலேயே அம்மாவே, "உங்க அத்தைக்கு மொதல்ல தட்டு வை" என்று என்னிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். அத்தை ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அன்னாசி கொண்டு வருவார். கண் கண்ணாகச் செதுக்கி, உப்புத் தண்ணீரில் முக்கி, நாக்கு அரிக்காமல் எங்களுக்கு ஊட்டுவார். எனக்குத் தலைபின்னிவிட அம்மாவைவிட அவரைத்தான் பிடிக்கும். அவர் இழுத்து இழுத்துப் பின்னமாட்டார்.

ஷோ ஹவுசைக் கண்டுபிடித்தவரும் மாமாதான். ஜொகூர் முழுக்கப் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். செம்மண்ணைக் கொத்திப் போட்ட வெளியின் நடுவில் கண்ணாடியால் ஒரு கட்டடம் நிற்கும். உள்ளே குளிர் குளிராக இருக்கும். வெளியே காற்றடித்த துள்ளல் கோட்டை, முகத்தில் வண்ணத்துப்பூச்சி வரைகிற ஆள், சாப்பிட மீ கோரெங், சாத்தே, பஞ்சு மிட்டாய். வாசலில் ஒருவர் குனிந்து வரவேற்பார். மாமா நீளக்கைச் சட்டையை இன் செய்துகொண்டு, காரை மட்டும் கண்ணில் படாத தூரத்தில் விட்டுவிட்டு, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நுழைவார். விற்பனை செய்கிறவர்கள் மாமாவையும் அத்தையையும் கணவன் மனைவி என்றும், எங்களை அவர்கள் பிள்ளைகள் என்றும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். மாமா அதைத் திருத்தவில்லை. "மூணு ரூம் போதும்னு நான் சொல்றேன், இவங்கதான் நாலு கேக்குறாங்க" என்று மலாயில் சொல்லி அத்தையைக் காட்டுவார். அத்தை தரையைப் பார்த்துச் சிரிப்பார். ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் புதுப்புது இடத்தில் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. அத்தையை அங்கே நாங்கள் அத்தை என்று கூப்பிட்டாலும் தமிழ் தெரியாத அவர்களுக்குப் புரியப்போவதில்லை.

அத்தை மட்டும் விளையாட்டை ஒழுங்காக ஆடவில்லை என்று எனக்குப் பட்டது. மாமா நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போவார். அத்தை நேராகச் சமையலறைக்குப் போவார். அலமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து மூடுவார். மாதிரி வீட்டுக் குழாயில் தண்ணீர் வராது. தெரிந்தும் திருகிப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரை எங்கே வைப்பது, மழை நாளில் துணி எங்கே காயும் என்று கேட்பார்.

"நெசமாவே வாங்கப் போற மாதிரி கேக்குறியே" என்று மாமா கேலி செய்தார்.

"கேட்டா காசா?" என்றார் அத்தை.

நான் சொல்லவந்த ஞாயிறு உலு திராம் பக்கம் ஒரு புதுத் திட்டம். அன்று அம்மாவும் எங்களோடு வந்திருந்தார். அங்கே பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் போட்டி வைத்திருந்தார்கள். முதல் பரிசை மேடைமேல் நிறுத்தியிருந்தார்கள்: ஊதா நிறச் சைக்கிள், முன்னால் வெள்ளைக் கூடை, கைப்பிடியில் பளபளக்கும் குஞ்சம். எதையும் கேட்கக்கூடாது என்பது மாமாவின் விதி. ஆனால் ஜெயிப்பதைப் பற்றி விதி எதுவும் இல்லையே.

எல்லோருக்கும் ஒரே படம்தான் கொடுத்தார்கள். ஒரு வீடு, அதன் முன்னே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு தீட்டினேன். கோட்டுக்கு வெளியே ஓர் இழுப்புகூடப் போகவில்லை. மற்ற பிள்ளைகள் முகங்களுக்கெல்லாம் இளஞ்சிவப்பு அடித்தார்கள். நான் அப்பாவுக்கு நல்ல பழுப்பும், அம்மாவுக்குக் கொஞ்சம் வெளிர்ப் பழுப்பும், நாய்க்கு இளஞ்சிவப்பும் கொடுத்தேன். துள்ளல் கோட்டைக்கு வா வா என்று தம்பி காலைப் பிடித்து இழுத்தான். நான் போகவில்லை.

ஒலிபெருக்கியில் என் சட்டையில் ஒட்டியிருந்த எண்ணைக் கூப்பிட்டார்கள். முதல் பரிசு. நான் மேடையேறியது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. காலில் செருப்பு இருந்ததா என்பது மட்டும் ஞாபகம் இல்லை. கைப்பிடியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. அறிவிப்பாளர் குனிந்து, டாடி மம்மி எங்கே என்று கேட்டார். நான் வழக்கப்படி மாமாவையும் அத்தையையும் காட்டினேன். அத்தை இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார். அம்மா தட்டை வைத்துக்கொண்டு பின்னால் நின்று, யாரோ வீட்டுப் பிள்ளைக்குக் கைதட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் மேடையோரம் வந்து அறிவிப்பாளரின் காதில் ஏதோ சொன்னார். அறிவிப்பாளர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியில் சிரித்துக்கொண்டே ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது என்றார். என் கையில் ஒரு பலூனும் வண்ணப் பென்சில் பெட்டியும் கொடுத்துத் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் ஏறினான். அவன் படத்தை நான் பார்த்திருந்தேன். நாய்க்கும் வீட்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் பச்சையை அப்பி வைத்திருந்தான்.

நான் அழவில்லை. அழுதது தம்பி.  நான் பலூனை நகத்தால் கிள்ளி உடைத்தேன்.

மாமா அந்தப் பெண்ணிடம் போனார். அந்தப் பெண்ணும் தமிழர். சுற்றியிருப்பவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில், முகத்தில் சிரிப்பு மாறாமல், தணிந்த குரலில் பேசினார். "சார், பரிசு வீடு வாங்குறவங்க பிள்ளைங்களுக்குத்தான். மத்தவங்களுக்கு இல்ல. புரிஞ்சிக்குங்க லா."

"புள்ள நல்லாப் போட்டுச்சில்ல? உங்க ஆளுங்கதானே பாத்துக் குடுத்தாங்க?"

"உங்கள நான் மூணு ப்ராஜெக்ட்ல பாத்துட்டேன், சார். வரீங்க, சாப்புடுறீங்க, போறீங்க. நான் ஒண்ணும் சொல்லல. நம்ம ஆளுங்க இப்படித்தான்னு என் மேனேஜர் என்னத்தான் கேக்குறாரு. சைக்கிள் வேற வேணுமா?"

மாமாவின் காது சிவந்ததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பவர்.  அன்று கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நான் வாங்கமாட்டேன்னு யாரு சொன்னது?" என்றார்.

"டேய், வேணாண்டா. பேசாம வா. சைக்கிள் என்ன பெரிய சைக்கிள்" என்று அம்மா கையைப் பிடித்தார்.

"நீ சும்மா இரு அக்கா. என்ன பாத்தா வாங்குற ஆளு மாதிரி தெரியலயாமா இவங்களுக்கு?"

"அப்ப இன்னைக்கே புக் பண்றீங்களா, சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். அந்தச் சிரிப்பு அப்படியேதான் இருந்தது.

"பண்றேன். சைக்கிள அங்கயே நிறுத்தச் சொல்லுங்க."

மேடையில் அந்தப் பையன் ஏற்கெனவே சைக்கிளின்மேல் உட்கார்ந்திருந்தான். அவனை இறக்கினார்கள். அவன் ஓவென்று அழுதான். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

எங்களை ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். நொடியில் எல்லாம் மாறிவிட்டது. பாட்டில் தண்ணீர் வந்தது, குளிர்ந்த துண்டு வந்தது, தம்பிக்கு இரண்டாவது ஐஸ்கிரீம் கேட்காமலே வந்தது. மாமா பணப்பையிலிருந்து வங்கி அட்டையையும் அடையாள அட்டையையும் எடுத்து மேசைமேல் போட்டார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "அது உங்க ரெண்டு பேரு கல்யாணக் காசுடா. அந்தப் புள்ள போட்டதும் அதுலதான் இருக்கு. அவள ஒரு வார்த்த கேளு" என்றார். மாமா காதில் வாங்கவில்லை. குடிக்க ஏதோ எடுக்கப் போய் மாதிரி வீட்டுச் சமையலறையில் நின்றுவிட்ட அத்தையை நான்தான் போய் அழைத்து வந்தேன். "மாமா வீடு வாங்குறாரு" என்றேன். அத்தை கையில் ஆரஞ்சுத் தண்ணீர் இருந்த காகிதக் குவளையோடு அப்படியே வேகமாக வந்தார்.

வந்தவர் கோபப்படுவார் என்று அம்மா எதிர்பார்த்திருக்க வேண்டும். அத்தை கோபப்படவில்லை. மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, மேசையில் விரித்திருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, "மூலை வீடு கெடைக்குமான்னு கேளுங்க. அதுல சமையக்கட்டுக்கு ரெண்டு சன்னல் வருது" என்று மெல்லச் சொன்னார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்தின நாள் தம்பியின் முகம் அப்படித்தான் இருக்கும்.

"மூலை வீடு ஒண்ணு இருக்கு, மேடம்" என்று அந்தப் பெண் உற்சாகமாக அத்தையின் பக்கம் திரும்பினார். "உங்க ஐசியும் குடுங்க, ரெண்டு பேரு பேரும் போட்டுடலாம். ஹஸ்பண்ட் வைஃப் ரெண்டு சம்பளமும் காட்டினா லோன் ஈசியா கெடைக்கும்."

அத்தை குவளையை மேசையில் வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். அவசரத்தில் முதலில் சீப்பு வந்தது, பிறகு பேருந்து அட்டை. கடைசியில் அடையாள அட்டையை எடுத்து, துப்பட்டாவின் ஓரத்தில் ஒருமுறை துடைத்து, மாமாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தன்னை யாரென்று காட்டவேண்டும் என்கிற வெறி மட்டும்தான் அவரிடம் இருந்தது. "வைஃப் இல்ல" என்றார். "நான்தான் வாங்குறேன். என் பேரு மட்டும் போடுங்க."

அந்தப் பெண் அத்தையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி அத்தையைப் பார்த்தார். காலையிலிருந்து அணிந்திருந்த சிரிப்பு அப்போதுதான் அவர் முகத்திலிருந்து போனது. அடையாள அட்டையை ஒரு விரலால் அத்தையின் பக்கம் நகர்த்தினார். "சாரி, மிஸ்" என்றார். அதுவரை மேடமாக இருந்தவர் அப்போது மிஸ் ஆகிவிட்டார். அத்தை அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். ஆரஞ்சுத் தண்ணீர் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அதை அவர் திரும்ப எடுக்கவில்லை. மாமா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீடு மாமாவுக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் சம்பளத்துக்கு அவ்வளவு கடன் தரமுடியாது என்று வங்கி கைவிரித்துவிட்டது. கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்க மாமா பல மாதங்கள் அலைந்தார். கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். அதில் அத்தையின் பங்கை அம்மாதான் பெக்கான் நானாசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அத்தை அதற்குள் வேலையை விட்டு ஊருக்கே போயிருந்தார். அம்மா வெகுநாள் மாமாவோடு பேசவில்லை. மாமா பிறகு வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார்; இரண்டு பிள்ளைகள், உலு திராமிலேயே வாடகை வீடு. இன்றைக்கும் அந்தப் பக்கம் காரில் போனால், "அந்தப் பொம்பள ஒருத்தி வாயாலதான் எல்லாம் போச்சு" என்று திட்டுகிறார். நானும் பல வருடம் அவரோடு சேர்ந்து அந்தப் பெண்ணைத் திட்டியிருக்கிறேன். பள்ளிப் பருவத்தில் அந்த நிறுவனத்தையே எரித்துவிடலாம் போல இருந்தது. ஒரு குழந்தையை மேடையேற்றி இறக்கிய அந்தக் கைகளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இப்போது எனக்குக் கோபம் மாமாவின் மேல்தான். மாதக்கணக்கில் ஊர் ஊராக அத்தையைப் பெண்டாட்டி என்று சொல்லி ஓசிச் சோறு தின்றவர், அவர் உண்மையாக ஒரே ஒருமுறை நம்பி அட்டையை எடுத்து வைத்தபோது, திரும்பிக்கூடப் பார்க்காமல் இல்லை என்றார். இன்றுவரை அதைச் சொன்னதாகவே மாமாவுக்கு ஞாபகம் இல்லை. நான் நினைவூட்டினேன். "அப்ப நெசமாவே வைஃப் இல்லதானே?" என்றார்.

அன்று திரும்பி வரும்போது சைக்கிள் டிக்கியில் பாதி உள்ளே பாதி வெளியே கயிற்றால் கட்டியிருந்தது. முன்னால் மாமா, பக்கத்தில் அம்மா. பின்னால் அத்தை, நான், தூங்கிப்போன தம்பி.  நான் ஜெயித்திருக்கிறேன், மாமா வீடே வாங்கிவிட்டார், இவர்கள் எல்லாம் ஏன் இப்படி உம்மென்று வருகிறார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சல். மாசாய் சந்திப்பு வந்ததும் அத்தை, "இங்கயே எறங்கிக்கிறேன்" என்றார்.

"ஹாஸ்டல் வரைக்கும் விடுறேனே. வெயிலா இருக்கு" என்றார் மாமா.

"பரவால்ல. நடந்துக்குவேன்."

கார் ஓரமாக நின்றது. அத்தை தம்பியின் தலையை மடியிலிருந்து தூக்கி என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். கதவை மூடுவதற்கு முன் அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தேன். எனக்குக் காரணம் சட்டென்று புரிந்துவிட்டது. அவருடைய அட்டையை மட்டும் அந்தப் பெண் வாங்கிக்கொள்ளவில்லை. அதில் இருந்த படம் மங்கிப்போய், ஆளே தெரியாமல் இருந்ததை நானும் பார்த்திருந்தேன். சன்னல் கண்ணாடியை அவசரமாக இறக்கி, தலையை வெளியே நீட்டிச் சொன்னேன்:

"அழாதீங்க அத்த. ஐசி பழசாப் போச்சு, அதான் வாங்கல. நீங்க புதுசு எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க, அவங்க வாங்கிக்குவாங்க."

அத்தை என் கன்னத்தைத் தொட்டு, "சரிடா" என்றார்.